இருதயராஜுக்கு ஒரு பெட்டி நாற்காலி

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு வெகுகாலம் உருப்படியாக ஒன்றையும் கண்டுபிடிக்காமல் சும்மா இருந்துவிட்டது. அந்தக் குறை அண்மையில் விழுப்புரத்தில் தீர்ந்தது. கச்சேரிக்குப் போகும் ஹவாயன் கிட்டார் கலைஞர் உட்காரவும், உட்கார்ந்த இடத்துக்குள்ளேயே தன் சாமான்களை வைத்துக்கொள்ளவும், முடிந்ததும் கையில் தூக்கிக்கொண்டு வண்டி ஏறவும் தக்க ஒரு பெட்டி நாற்காலியை இந்த ஊர் உலகுக்கு அளித்தது. உலகம் இன்னும் நன்றி சொல்லவில்லை. சொல்லும்.

அந்தக் கலைஞரின் பெயர் இருதயராஜ். பகலில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை. சாயங்காலம் ‘சுரமஞ்சரி மெல்லிசைக் குழு’வில் ஹவாயன் கிட்டார். இந்தக் கிட்டாரை மற்றவர்களைப் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதிக்க முடியாது. மடியில் படுக்கவைக்க வேண்டும். வலது கை விரல்களில் நகம்போல உறைகளை மாட்டித் தந்தியை மீட்டி, இடது கையில் கட்டைவிரல் பருமனுள்ள ஓர் எஃகு உருளையைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். சரியாக வழுக்கினால் அது அழும், கொஞ்சும். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பவர்கள் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் ஒரு நொடி மேடையைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் இருதயராஜ் வாசித்தார். வாசிப்பது அவருக்கு உயிர். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

மடியில் வைத்து வாசிக்க மடி வேண்டும். மடி வேண்டுமானால் உட்கார வேண்டும். உட்கார நாற்காலி வேண்டும். இங்கேதான் நம் வட்டாரத்தின் ஓர் அருமையான மரபு குறுக்கே வந்தது. விழா நடக்கும் இடத்தில் முக்கியஸ்தர் ஒருவர் நுழைந்ததும், சுவரோரம் காலி நாற்காலிகள் அடுக்கடுக்காகக் கிடந்தாலும், ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பிடுங்கித்தான் அவருக்குப் போட வேண்டும். காலி நாற்காலியில் மரியாதை கிடையாது. சூடான நாற்காலியில்தான் உண்டு. மேடையில் பாடுகிறவர்கள் நிற்கிறார்கள், கீபோர்டுக்காரர் நிற்கிறார், உட்கார்ந்திருப்பவர் இருதயராஜ் ஒருவர்தான். ஆகவே முக்கியஸ்தர்களின் மரியாதை பெரும்பாலும் இருதயராஜின் கீழேயிருந்துதான் எடுக்கப்பட்டது.

வானூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இது உச்சத்துக்குப் போனது. பாட்டின் நடுவே, கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்க வேண்டிய இடத்துக்கு இருதயராஜ் வந்து சேர்ந்த கணத்தில், மண்டபத்து ஆள் வந்து முதுகைத் தொட்டார்.

“அண்ணா, சேர் ஒண்ணு வேணும். ஒன்றியச் செயலாளரு வந்துக்கினு இருக்காரு.”

“இந்த எடத்த மட்டும் முடிச்சுக்கிறேனே.”

“நீ முடிக்கறதுக்குள்ள அவரு நின்னுட்டாருன்னா பேஜாராயிடும்ணா.”

இருதயராஜ் எழுந்தார். நாற்காலி போனது. அவர் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்தார். அது அவரைச் சேர்த்து அதிர்த்தது. குப்புறக் கவிழ்த்த சாம்பார் அண்டாவின்மேல் உட்கார்ந்து பார்த்தார். சமையல்காரர் வந்து அதையும் கேட்டார். இதற்குள் கீபோர்டு பிரவீன்குமார் தன் கருவியில் ஒரு பட்டனை அமுக்கினான். அதில் ‘ஹவாயன்’ என்று எழுதியிருந்தது. கிட்டார் போன்ற ஒரு சத்தம் வந்தது. பாட்டு முடிந்தது. கைதட்டல் வழக்கம்போல வந்தது. ஐஸ்கிரீம் கரண்டிகள் எதுவும் நிற்கவில்லை. அதை யாரும் குறையாகச் சொல்லவும் இல்லை.

திரும்பும்போது வேனில் குழுத்தலைவர் சீனுவாசன் பேசினார். தாலுகா ஆபீஸில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு அவரைப் பெறவில்லை.

“இருதயம், ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். ஒங்க வாசிப்புல எந்தக் கொறையும் இல்ல. ஆனா ஒங்களுக்கு ஒரு எடம் வேணுங்குது. பட்டனுக்கு எடம் வேணாங்குது. இந்த சீட்டு விவகாரம் ஒரு முடிவுக்கு வந்தா நீங்க கண்டினியூ பண்ணுங்க. இல்லாட்டி நாம வேற மாதிரி யோசிக்கணும்.”

‘வேற மாதிரி’ என்றால் என்னவென்று வேனில் எல்லோருக்கும் புரிந்தது.  இருதயராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“சார், நானே ஒரு சின்னப் பெட்டி செஞ்சு எடுத்துக்கினு வர்றேன். பக்கத்துல கை இருக்கக் கூடாது, கிட்டாரு இடிக்கும். தொட சமமா இருக்கணும். உள்ள ஒயரு, உருள, விரல்ல மாட்டறது வெக்க எடம் இருந்தா போதும்.”

வேறு ஊராக இருந்தால் ‘சரி, செய்யுங்க’ என்று சொல்லி ஒரு வரலாற்றுச் சாதனையைக் கெடுத்திருப்பார்கள். சீனுவாசன் அப்படிப்பட்டவர் அல்ல.

“தனிநபர் முடிவு பண்ற விஷயமா இது? நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேப்பான். ஒரு கமிட்டி போட்டுடலாம்.”

இவ்வாறாக ‘பெட்டி நாற்காலித் தேர்வுக் குழு’ வேனிலேயே பிறந்தது. தலைவர் சீனுவாசன். தொழில்நுட்ப உறுப்பினர் பிரவீன்குமார், அவனிடம் நல்ல போன் இருந்ததால். மகளிர் பிரதிநிதி பாடகி கலைமதி. இருதயராஜைக் குழுவில் சேர்க்கவில்லை. அவர் ‘பயனாளி’. பயனாளி தேர்வில் கலந்துகொண்டால் அவருடைய வசதிக்கேற்பத் தேர்வு அமைந்துவிடும் அபாயம் உண்டு. எனவே அவர் ‘சிறப்பு அழைப்பாளர்’ ஆனார்.

குழு ஜெராக்ஸ் கடை மாடியிலுள்ள ஒத்திகை அறையில் கூடியது. அங்கே இருந்த நாற்காலிகள் உறுப்பினர்களுக்குச் சரியாக இருந்தன. சிறப்பு அழைப்பாளர் நின்றார்.

குழுவின் உழைப்பைப் பற்றி எழுத ஒரு தனிப் புத்தகம் வேண்டும். ‘இருக்கை - அதிகாரபூர்வம்’ என்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கப்பட்டது. காலையில் பூங்கொத்துப் படத்துடன் வணக்கம், மாலையில் தீபத்துடன் வணக்கம், நடுவே எப்போதாவது நாற்காலி. பிரவீன்குமார் வெளிநாட்டுக் கலைஞர்கள் எதன்மேல் உட்காருகிறார்கள் என்று யூடியூபில் இரவுபகலாக ஆராய்ந்தான். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்ற முக்கியமான முடிவுக்கு வந்தான்.

முதலில் மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கைகளை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். கைகள் போனதும் அதற்கு வாழ்க்கையில் பிடிப்பு விட்டுப்போயிற்றோ என்னவோ, சீனுவாசன் உட்கார்ந்ததும் கால்களை அகட்டிப் படுத்துவிட்டது. அடுத்து டிரம்ஸ் வாசிப்பவரின் முக்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் சரிந்து, மடியில் வைத்த கிட்டார் பார்வையாளர்களை நோக்கிப் புறப்பட்டது. அதற்கடுத்து ஆன்லைனில் வந்த ‘பல்நோக்கு மடக்கு ஸ்டூல்’. படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை அதன்மேல் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது. வந்த பொருளும் அந்தக் குழந்தைக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. இவற்றில் எதிலும் இருதயராஜை உட்காரவைத்துப் பார்க்கவில்லை.

“நான் ஒரு வாட்டி ஒக்காந்து பாக்கட்டுமா சார்?”

“பயனாளி சோதன பண்ணா ரிசல்ட்டு நடுநிலையா இருக்காது இருதயம்.”

உட்காருவது என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்விக்கே நாம் போகவில்லை என்று கலைமதி ஒருநாள் கவலைப்பட்டாள். அதனால் குழு ‘களப்பயணம்’ மேற்கொண்டது. குயிலாப்பாளையத்தில் சித்தார்த்தன் என்றொருவர் ‘விழிப்புணர்வுடன் அமர்தல்’ என்ற வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளைப் பருத்தி உடை, வெறுங்கால், காதில் புளூடூத். பெரிய கூடம். கூடத்தில் ஒரு நாற்காலி கிடையாது.

“சேர்ங்கிறது ஒரு பொருள் இல்ல,” என்றார் சித்தார்த்தன், கண்ணை மூடிக்கொண்டு. “அது ஒரு மனநில. மொதல்ல உள்ளுக்குள்ள ஒக்காரணும்.”

“உள்ளுக்குள்ளன்னா?” என்றார் இருதயராஜ்.

“நீங்க இப்ப நின்னுக்கினு இருக்கீங்க. ஆனா ஒக்காந்துட்டதா பீல் பண்ணுங்க.”

“பீல் பண்றேங்க. கிட்டார எங்க வெக்கறது?”

சித்தார்த்தன் கண்ணைத் திறந்தார். இவ்வளவு ஆழமான தடையை அவர் எந்த மாணவரிடமும் பார்த்ததில்லையாம். குழு அவருடைய கருத்துகளை வியந்து பதிவு செய்துகொண்டது. வரும்போது எல்லோருக்கும் கேப்பைக் கூழ் கொடுத்தார்கள். அங்கே அதற்குப் பெயர் ‘மில்லட் அனுபவம்’.

கடைசியில் பெட்டியைச் செய்தவர் அப்பாதுரை. டிரங்குப் பெட்டி செய்கிறவர். தகரத்தை மடக்குவதைவிட வாயை நீட்டுவதில் கெட்டிக்காரர். தான் செய்த பெட்டியின்மேல் ஒரு முறை யானை உட்கார்ந்தது என்றார். யானை ஏன் உட்கார்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருதயராஜ் சொன்ன மூன்று தேவைகளையும் அவர் அரை நாளில் முடித்துவிடுவார் போலிருந்தது. மேலே மூடியே இருக்கை. மூடியைத் தூக்கினால் உள்ளே இடம். தூக்கிச் செல்லப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இத்தனை ஆலோசனைகளுக்குப் பிறகு அவ்வளவுதான் என்றால் குழு எதற்கு? சீனுவாசன் முதுகுச் சாய்வு வேண்டுமென்றார். கலைமதி, மேடைக்கு ஒரு கௌரவம் வேண்டும், மேலே வெல்வெட் போடலாம் என்றாள். வெல்வெட்டின் நிறத்துக்கு வாட்ஸப்பில் வாக்கெடுப்பு நடந்தது. கருஞ்சிவப்பு வென்றது. பிரவீன்குமார் ஓரத்தில் தங்க நிற ஜரிகைக் குஞ்சம் கேட்டான். அப்பாதுரை தன் பங்குக்குச் சாய்வின் உச்சியில் இரண்டு மயில்களைத் தகரத்தில் வெட்டி வைத்து, பெயிண்ட் அடித்தார்.

“மயிலு எதுக்குண்ணா?” என்றார் இருதயராஜ்.

“சும்மா இருக்கட்டும்பா. பாக்கறவன் அசந்து போவணும்.”

பார்க்கிறவர்கள் அசந்துதான் போனார்கள். கல்யாண மேடையில் மாப்பிள்ளை உட்காரும் நாற்காலி தனியே பிரிந்து வந்து பெட்டி வியாபாரம் தொடங்கியதுபோல அது இருந்தது. கனம் சற்று அதிகம். ‘கையில் தூக்கிச் செல்லத்தக்கது’ என்ற நிபந்தனையைப் பூர்த்தி செய்ய இரண்டு பேர் கை கொடுத்தால் போதும்.

இருதயராஜின் மனைவி அமலா அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டாள்: “ஏங்க, இதுல நீங்க ஒக்காரப் போறீங்களா, இல்ல ஒங்களுக்கு ரெண்டாங் கல்யாணமா?”

“விடு அமலா. ஒக்கார ஒரு எடம் கெடச்சுதே. இனிமே யாரும் எழுந்துருன்னு சொல்ல முடியாது. எம் பேர்ல செஞ்சது இல்ல?” என்றார் அவர். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அமலாவுக்கு மேற்கொண்டு கேலி பண்ண மனசு வரவில்லை.

அரங்கேற்றம் திண்டிவனத்தில். ஒரு வணிகர் நலச் சங்கத்தின் ஆண்டு விழா. மாலை கச்சேரி, முடிந்ததும் பிரியாணி. சீனுவாசன் இருதயராஜைத் தனியே கூப்பிட்டுத் தட்டிக் கொடுத்தார்.

“இன்னிக்கு ஒங்க கிட்டார எல்லாரும் கேக்கணும். நடுவுல அஞ்சு பாட்டு ஒங்களுக்காகவே வெச்சிருக்கேன். இன்னிக்கு நல்லா வந்துச்சுன்னா பட்டன் பேச்சே கெடையாது. வரலன்னா என்ன ஒண்ணும் கேக்காதீங்க.”

இருதயராஜ் தலையாட்டினார். அமலாவும் வந்திருந்தாள், முன்வரிசைக்குப் பின்னால், தூண் மறைக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அவள் அவர் கச்சேரிக்கு வந்து வருஷக்கணக்காகிறது.

சீனுவாசன் வெறும் கச்சேரியோடு விடுகிற ஆளா? பெட்டி நாற்காலிக்கு முறைப்படி ‘திறப்பு விழா’ ஏற்பாடு செய்திருந்தார். நிகழ்ச்சி நிரல் இப்படி: மேடை நடுவே நாற்காலி. அதைச் சுற்றி ரோஸ் ரிப்பன். உள்ளே உருளை, ஒயர், விரலில் மாட்டும் உறைகள் எல்லாம் அழகாக அடுக்கி மூடியிருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பனை வெட்டி, மூடியைத் திறந்து, உருளையை எடுத்து இருதயராஜிடம் கொடுப்பார். இருதயராஜ் அமர்வார். இசை பொழியும்.

சிறப்பு விருந்தினர் அன்புச்செல்வன். ஹைவே ஓரம் மனைப்பிரிவு போட்டு விற்கிறவர். அவர் நட்ட எல்லைக்கல் இல்லாத ஏரிக்கரை அந்தப் பக்கம் இல்லை என்று அவரைப் புகழ்ந்து சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பத்துப் பேர் புடைசூழ மேடைக்கு வந்தார். வரிசையாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தார். நடுவே கருஞ்சிவப்பு வெல்வெட், தங்கக் குஞ்சம், தலைக்கு மேலே இரண்டு மயில்கள். ஒரு மனிதர் என்ன செய்வார்? ரிப்பனோடு சேர்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.



நம் ஊர்களில் எந்தத் தப்பையும் சொல்லித் திருத்தலாம். உட்கார்ந்துவிட்ட பெரிய மனிதரிடம் ‘எழுந்திருங்கள்’ என்று மட்டும் சொல்ல முடியாது. அதற்கு இன்னும் தமிழில் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்த கலைமதி, அதை என்ன சொல்லிப் போடுவது என்று தெரியாமல் மறுபடியும் தூக்கிக்கொண்டு போனாள்.

சீனுவாசன் மைக்கைப் பிடித்தார். “இப்போது நமது சிறப்பு விருந்தினர் அவர்கள் எழுந்து...” என்று தொடங்கி, அன்புச்செல்வனின் முகத்தைப் பார்த்து, “எழுச்சியுரை ஆற்றுவார்கள்” என்று முடித்தார். நல்ல யுக்திதான். பேசுகிறவர் எழுந்துதானே ஆக வேண்டும்?

“மைக்க இங்க குடுங்க. முட்டி வலி,” என்றார் அன்புச்செல்வன். உட்கார்ந்தபடியே வெகுநேரம் எழுச்சியுரை ஆற்றினார்.

பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து கழுத்தை மட்டும் நீட்டினார். ஞாபகார்த்தமாக ஒரு குரூப் போட்டோ என்றான் பிரவீன்குமார். “நீங்கள்ளாம் பின்னாடி நில்லுங்கப்பா,” என்றார் அவர். நின்றார்கள். போட்டோவில் மயில்கள் நன்றாக விழுந்தன.

பாட்டு தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இருதயராஜ் கிட்டாரைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றார். கலைமதி கொண்டு வந்த பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் எப்படியோ தொற்றிக்கொள்ளலாம். உருளைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரை வைத்து வழுக்கலாம். விரல் உறை இல்லாமல் வெறும் நகத்தால் மீட்டலாம். ஆனால் ஒயர்? ஒயர் இல்லாமல் கிட்டாரின் சத்தம் முதல் வரிசைக்கே போகாது. மேடையில் கிட்டாருக்குப் பொருந்தும் ஒயர் வேறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பிரவீன்குமாரின் கீபோர்டில் இருந்தது.

“பிரவீனு, ஒரு பாட்டுக்கு அந்த ஒயர குடுப்பா.”

“அப்புறம் யாருண்ணா மியூசிக் வாசிக்கறது?” என்றான் அவன். நியாயமான கேள்வி.

இருதயராஜ் தன் வாழ்நாளில் எந்தப் பெரிய மனிதரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார். மேடையில் எல்லோரும் பார்க்க நடந்துபோய், அன்புச்செல்வனின் காதருகே குனிந்தார். 

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எம் பொருளு எல்லாம் ஒங்களுக்குக் கீழ உள்ள கீது.”

அன்புச்செல்வன் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். “இருக்கட்டும்பா. நான் மேலயே ஒக்காந்துக்கினு இருக்கேன் இல்ல? ஒருத்தன் கை வெக்க மாட்டான். நீ தைரியமா போய் வாசி.”

முதல் பாட்டு தொடங்கியது. கிட்டார் தனியே வரவேண்டிய இடம் வந்தது. சீனுவாசன் இருதயராஜைப் பார்த்தார். பிறகு பிரவீன்குமாரைப் பார்த்தார். பட்டன் அமுங்கியது. இருதயராஜ் அதே இடத்தில் ஒரு நீண்ட இழுப்பு இழுப்பார். அடுத்த வீட்டுக் குழந்தை தூக்கத்தில் விசும்புவதுபோல இருக்கும். பட்டன் அந்த இடத்தை ஒரே தாவாகத் தாவிக் கடந்தது. சங்கத்தினர் கைதட்டினார்கள். அன்புச்செல்வன் திரும்பி, கிட்டாரைக் கட்டிக்கொண்டு நின்ற இருதயராஜிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“சூப்பரா வாசிக்கறப்பா.”

அவருக்காக ஒதுக்கிய ஐந்து பாட்டும் இப்படியே போயின. ஐந்துக்கும் பாராட்டு அவருக்குத்தான் வந்தது. வாசிக்காத வாசிப்புக்கு ஐந்து முறை தலைவணங்கிய ஒரே கலைஞர் என்ற பெருமை இருதயராஜைச் சேரும். அப்படி அவமானமாக அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. நாற்காலியைப் பிடுங்கியபோதுகூட இல்லை.

கடைசி ஆயுதத்தைச் சீனுவாசன் எடுத்தார். விழா முடிவில் எல்லோரும் எழுந்து நிற்கும் பாட்டு ஒன்று உண்டு அல்லவா? அதற்கு முட்டி வலிக்காரரும் எழுந்தே தீர வேண்டும். நிகழ்ச்சி நடுவிலேயே அதைப் பாடிவிடுமாறு கலைமதியிடம் சைகை காட்டினார். அவளும் தொடங்கினாள். மண்டபம் முழுதும் எழுந்தது. பத்துப் பேர் தாங்க, அன்புச்செல்வனும் எழுந்தார்.

இதோ, வெல்வெட் காலியாக இருந்தது. மூடி கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது யாரும் அசையக் கூடாது. இருதயராஜ் மூடியைப் பார்த்துக்கொண்டே விறைப்பாக நின்றார். பாட்டு முடிந்ததும் பாய்ந்தார். மூடியைத் திறந்தார். உருளையை எடுத்தார், ஒயரை எடுத்தார், உறைகளை மாட்டினார், வெல்வெட்டின்மேல் உட்கார்ந்து கிட்டாரை மடியில் போட்டார். தொடை சமமாக இருந்தது. பக்கத்தில் எதுவும் இடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பாட்டு என்றால் விழா முடிந்தது என்று அர்த்தம். விழா முடிந்தது என்றால் பிரியாணி. மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“கனெக்சன புடுங்கிட்டேங்க. ஜல்தியா எறங்குங்க, வேற புரோகிராம் போவணும்.”

தூண் மறைக்காத இடத்தில் அமலா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மேடைக்கு வந்தாள். “நீங்க ஒண்ணுகூட வாசிக்கலியே,” என்றாள் மெதுவாக. “அஞ்சு பாட்டுலயும் நீங்க இழுக்கற எடத்துல அது இழுக்கல. எனக்குத் தெரியாதா?”

ஒயர் இல்லாமலே அவளுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்றால் கேட்கும். அவருக்குக் கை வரவில்லை.

மறுவாரம் ஜெராக்ஸ் கடை மாடியில் குழுவின் ‘நிறைவுக் கூட்டம்’. பட்டன் வேலையைப் பார்த்துக்கொண்டது, இனித் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருதயராஜ் போனார். ஆனால் சீனுவாசனின் முகம் மலர்ந்திருந்தது. நடுவே மயில்களுடன் பெட்டி நாற்காலி. அதில் அவரே வீற்றிருந்தார்.

“நம்ம திட்டம் மாபெரும் வெற்றி,” என்றார். “அன்புச்செல்வன் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. இத்தன மேடையில ஒக்காந்திருக்காராம், இப்பிடி சொகமா எங்கயும் ஒக்காந்ததில்லையாம். அவரு தொறக்கற எல்லா மனைப்பிரிவுக்கும் இனிமே நாமதான் கச்சேரி. சீட்டோட வரணுமாம்.”

“இருதயண்ணாவ இன்னா சார் பண்றது?” என்றாள் கலைமதி. அவளுக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தல் இருந்தது.

“விட்டுடுவமா? அவரால வந்த சீட்டு இது. அவரு நம்மகூடத்தான் இருப்பாரு. இந்த நிமிஷத்துலேர்ந்து அவருதான் ‘இருக்கைப் பொறுப்பாளர்’. விருந்தினரு வர்றப்ப வெல்வெட்ட தொடச்சு விடணும், முட்டி வலிக்காரங்கள கைதாங்கலா ஒக்கார வெக்கணும், கூட்டம் முடியற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும்.”

“பக்கத்துலன்னா, ஒக்காந்தா சார்?” என்றார் இருதயராஜ்.

“நிக்கற வேலதான்.”

 “அப்ப கிட்டாரு?”

“அது எதுக்கு இருதயம்? சீட்டு ஏத்துனதும் வேன்ல எடமில்ல.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு கலைஞனுக்கு வாழ்வளித்த மகிழ்ச்சியில் எல்லோரும் கைதட்டினார்கள். பிரவீன்குமார் பக்கத்தில் நின்ற இருதயராஜை இடித்து, “நீங்களும் தட்டுங்கண்ணா, ஒங்களுக்குத்தான்,” என்றான்.

“தட்டறேன்பா,” என்றார் இருதயராஜ். “இனிமே இந்தக் கைய வெச்சுக்கினு இன்னா பண்றதுன்னு நானும் யோசிச்சுக்கினு இருந்தேன். நீங்களே ஒரு வேல குடுத்துட்டீங்க.”

தட்டத் தொடங்கினார். மற்றவர்கள் தட்டி ஓய்ந்தார்கள். அவர் ஓயவில்லை. சீனுவாசனின் முகத்தைப் பார்த்துத் தட்டினார். பிரவீன்குமாரைப் பார்த்துத் தட்டினார். கலைமதியைப் பார்த்துத் தட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் தீர்மானம் போட்ட அந்தக் குழுவில், போதும் நிறுத்துங்கள் என்று ஒரு தீர்மானம் போட மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.